பழைய ரியர் புரொஜெக்‌ஷன் டிவி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். புதுச்சேரியில் வீட்டைக் காலிசெய்யும் ஒரு குடும்பத்தார் தங்கள் 51 அங்குல ரியர் புரொஜெக்‌ஷன் டிவியை 6,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். படம் தெளிவாகவே இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: பெட்டிக்குள் உருவாகும் சிறிய படத்தைப் பின்புறமிருந்து திரையில் பெரிதாக வீசிக் காட்டுவதுதான் ரியர் புரொஜெக்‌ஷன் டிவி. உங்களுக்குக் கிடைப்பது அதில் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டபின் படம் மெல்ல மெல்ல வெளிச்சம் பெற்று, பின்பக்கம் விசிறி ஓடும் ஓசையும் கேட்டால் அது உள்ளிருக்கும் விளக்கின் ஒளியால் படத்தை வீசும் விளக்கு வகை. அதை இந்த விலைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதன் விளக்கு சில ஆயிரம் மணி நேரமே எரியும். இவ்வகை டிவியைக் கடைசிவரை தயாரித்த மிட்சுபிஷி நிறுவனமும் 2012 இறுதியில் கைவிட்டுவிட்டதால், அசல் விளக்கு கிடைப்பது அரிது. மின்சாரம் திடீரென்று நின்றால் விசிறியும் நின்றுவிடும். சூட்டிலேயே கிடக்கும் விளக்கின் ஆயுள் அதனால் இன்னும் குறையும்.

சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று டியூப்கள் கொண்ட கனத்த பெட்டியாக இருந்தால், அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். மூன்று நிறப் படங்களையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துவதைக் கன்வர்ஜென்ஸ் என்பார்கள்; அதைச் செய்யும் ஐ.சி. (சிப்) பழுதாகத் தொடங்கியிருந்தால் பெட்டி சூடேறிய பிறகுதான் வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் சிவப்போ நீலமோ பிரிந்து நிற்கும். கருப்புப் பின்னணியில் வரும் வெள்ளை எழுத்தைச் சுற்றிப் பனிமூட்டம் போல ஒளி படர்ந்தால், டியூபுக்கும் லென்ஸுக்கும் இடையிலுள்ள குளிர்விக்கும் திரவம் கலங்கியிருக்கக்கூடும். அந்தத் திரவம் கசிந்து போர்டுகளின் மீது சொட்டினால் செலவு பெரிது. ஒரே நிறம் திரை முழுவதும் நிரம்பும்போது மூலையில் பழைய சேனல் சின்னம் நிழலாகத் தெரிகிறதா என்றும் கவனியுங்கள்; அந்தத் தழும்பு போகாது.

நம் ஊருக்கென்று ஒரு சோதனை உண்டு. இவ்வகைப் பெட்டிகளில் டியூப்களும் போர்டுகளும் அடிப்பாகத்தில்தான் இருக்கின்றன. ஆகவே 2011 தானே புயலிலோ 2015 வெள்ளத்திலோ அந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததா என்று தயங்காமல் கேளுங்கள்; அடிப்பலகை உப்பியிருந்தால் அதுவே பதில் சொல்லிவிடும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் இணைப்புகளைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், பின்மூடியை மெக்கானிக்கைக் கொண்டு கழற்றிப் பாருங்கள். அணைத்த பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், நீங்கள் கைவைக்க வேண்டாம். பெட்டி அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகக் கூடாது.

வீட்டார் தரையில் பாய் விரித்துப் பார்ப்பவர்கள் என்றால், அங்கேயே தரையில் உட்கார்ந்து பாருங்கள். இத்திரைகள் கண்மட்டத்தில்தான் முழு வெளிச்சம் தரும்; கீழிருந்து பார்த்தால் மங்கும்.

இவை அனைத்திலும் தேறினால் 2,000 ரூபாய்வரை தரலாம், அதற்கு மேல் நான் தர மாட்டேன். வண்டியில் நிமிர்த்தியே ஏற்றுங்கள், திரையில் எதுவும் சாயக் கூடாது. இடம் மாறினால் கன்வர்ஜென்ஸ் விலகும் என்பதால், அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கை முன்கூட்டியே பேசி வையுங்கள். அப்படி ஒருவர் கடலூரில் கிடைக்காவிட்டால் முன்பணமே கொடுக்காதீர்கள்.