பால் மாவுக்கு மாறிய பிள்ளையிடம் புது வாடை: கேள்வி பதில்

தாய்ப்பாலில் இருந்து பால் மாவுக்கு மாற்றியதும் பிள்ளையின் உடம்பில் பழக்கமில்லாத வாடை வருகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பால் மாவைக் குறை சொல்லுவதற்கு முன் வாடை எங்கிருந்து கிளம்புகிறது என்று பிடிக்க வேண்டும். கழுத்து மடிப்பு, நெப்பி, உடுப்பு, போத்தல் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலும் போய் நிற்கும்.

மூன்றரை மாதப் பிள்ளை. நான் கொழுந்து எடுக்கப் போறதால பகல்ல பால் மா. இப்ப உடம்பெல்லாம் புளிச்ச மோர் வாடை. குளிப்பாட்டினாலும் சாயந்தரம் மறுபடி வருது. பால் மா ஒத்துக்கலையா? (தலவாக்கலை)

ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வாடை மட்டும் வராது. திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் சளி அல்லது இரத்தம், உடம்பில் சொறி, எடை ஏறாமை என்று வேறு அடையாளங்களும் இருக்கும். அவை இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் டொக்டரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் இப்படித் தேடுங்கள்.

உடுப்பை முழுக்கக் கழற்றி, தலை, காதுக்குப் பின்பக்கம், கழுத்து, அக்குள், மூடிய கை, தொடை இடுக்கு என்று இடம் இடமாக மோந்து பாருங்கள். கழற்றிய உடுப்பைத் தனியாக மோந்து பாருங்கள். இந்த வயதில் கழுத்தே தெரியாது, மடிப்பு மேல் மடிப்பாக இருக்கும். போத்தலில் குடிக்கும்போது வாயோரம் வழிவது நேராக அங்கேதான் இறங்கும். பால் மாவில் உள்ள கொழுப்பும் புரதமும் ஈர மடிப்பில் தங்கினால் தோலில் உள்ள பக்டீரியாக்கள் அவற்றை உடைத்து, சில மணி நேரத்திலேயே புளித்த வாடையைக் கிளப்பிவிடும். நம் குளிருக்கு ஸ்வெட்டர், தொப்பி, கம்பளி என்று சுற்றி வைப்பதால் அந்த இடம் காயவும் வழியில்லை.

ஒவ்வொரு முறை குடித்த பிறகும் தாடையை மெல்லத் தூக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் மடிப்புகளைத் துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பலர் துடைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஈரத்தை எடுக்காவிட்டால் துடைத்ததில் பலன் இல்லை. மூடிய விரல்களை விரித்து உள்ளங்கையையும் பாருங்கள், நூலும் பாலும் சேர்ந்து அங்கே ஒரு அழுக்கு இருக்கும். குடிக்கும்போது கழுத்தில் ஒரு துணி கட்டி, நனைந்ததும் மாற்றுங்கள். பிள்ளை மடுவத்தில் விடும்போது உலர்ந்த கழுத்துத் துணிகள் நான்கைந்தைச் சேர்த்துக் கொடுத்து, பார்த்துக்கொள்பவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

பவுடர் போடாதீர்கள். பாலோடு சேர்ந்து களியாகி மடிப்பில் ஒட்டிக்கொள்ளும், தூளை மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை. பேபி கொலோன் வாடையை மறைக்குமே தவிர எடுக்காது. அதிலுள்ள ஸ்பிரிட் சிவந்த தோலை எரிக்கும். மடிப்பு சிவந்து, நீர் கசிந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பருவாக இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனிக் களிம்பு உண்டு, டொக்டர் எழுதித் தருவார். கடையில் கேட்டு ஸ்டீரொயிட் களிம்பு வாங்கிப் பூச வேண்டாம்.

முன்னே மஞ்சளா, வாடையே இல்லாமப் போன பிள்ளை இப்ப பச்சையும் மண்நிறமுமாப் போறான். நாத்தம் தாங்க முடியல. வயித்துல கோளாறா? (பொகவந்தலாவை)

இதில் பயப்பட ஒன்றுமில்லை. தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகள் பிள்ளையின் குடலில் பிஃபிடோ பக்டீரியாவை வளர்க்கின்றன. அது குடலைப் புளிப்பாக வைத்திருப்பதால் மலத்தில் நாற்றம் குறைவு. பால் மாவுக்கு மாறியதும் வேறு பக்டீரியாக்களும் பெருகும், செரிக்காமல் மிஞ்சிய புரதத்தை அவை சிதைக்கும்போது நாற்றம் வரும். பச்சை நிறத்துக்குப் பெரும்பாலும் பால் மாவில் சேர்த்திருக்கும் இரும்புச்சத்துதான் காரணம். வெள்ளையாக, களிமண் நிறத்தில் போனாலோ, கறுப்பாகவோ இரத்தத்தோடோ போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வயிற்றோட்டத்துக்குப் பிறகு நுரைத்து, புளிப்பு வாடையோடு தண்ணியாகப் போய், பின்பக்கம் புண்ணாகிறது என்றால் பாலில் உள்ள சர்க்கரை கொஞ்ச நாளைக்குச் செரிக்கவில்லை என்று அர்த்தம். அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பிள்ளையின் மூத்திரம் கடுமையா மணக்குது. டின் விலை கட்டுப்படியாகாததால பக்கெட் பால் மாவைத்தான் கரைச்சுக் குடுக்கிறோம். அதனாலயா? (நானுஓயா)

அதனாலேதான் இருக்கும், உடனே நிறுத்துங்கள். வீட்டில் தேத்தண்ணிக்குப் போடும் முழு ஆடைப் பால் மாவில் புரதமும் உப்பும் கூட, இரும்புச்சத்து குறைவு. ஒரு வயதுக்குள் அதைப் பிரதான உணவாகக் கொடுத்தால் சிறுநீரகத்துக்குச் சுமை, மூத்திரம் கட்டியாகி மணக்கும். கட்டிப்பால், வெறும் தேத்தண்ணி, சோற்றுக் கஞ்சித் தண்ணி எதுவும் பிள்ளைகளுக்கான டின் பால் மாவுக்கு மாற்று இல்லை. விலை கட்டவில்லை என்றால் வெட்கப்படாமல் உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தாய்ப்பாலைத் திரும்பக் கூட்டவும் அவர் வழி சொல்வார். பால் நின்று சில கிழமைகளே ஆகியிருந்தால், அடிக்கடி சப்ப விட்டும் கையால் பீய்ச்சியும் பலருக்குத் திரும்ப வருகிறது.

சரியான டின்னை வாங்கியும் மணந்தால் கரைக்கும் விதத்தைப் பாருங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, 30 நிமிடத்துக்கு மேல் ஆற விடாமல், குறைந்தது 70 பாகை செல்சியஸ் சூட்டில் கரைக்க வேண்டும். பால் மா கிருமி முற்றாக நீங்கியது அல்ல, அந்தச் சூடு இருந்தால்தான் அதிலுள்ள கிருமி சாகும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். இந்த வேலைக்கு அது தாராளம். ஆனால் குளிர்காலத்தில் லயத்துச் சமையலறையில் வைத்த தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும். கொதித்ததும் நல்ல பிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள்.

முதலில் தண்ணீரை அளந்து போத்தலில் ஊற்றி, பிறகு மாவைப் போடுங்கள். பல டின்களில் 30 மில்லிலீற்றருக்கு ஒரு கரண்டி, ஆனால் எல்லாவற்றிலும் அப்படி இல்லை, டின்னில் உள்ளபடியே செய்யுங்கள். அந்த டின்னோடு வந்த கரண்டியால், அழுத்தாமல், கத்தியின் பின்பக்கத்தால் சமப்படுத்திப் போட வேண்டும். "பசி அடங்கட்டும்" என்று ஒரு கரண்டி கூடப் போட்டால் மலச்சிக்கல் வரும், உடம்பில் நீர் வற்றும். மிச்சம் பிடிக்க ஒரு கரண்டி குறைத்தால் எடை ஏறாது, உடம்பில் உப்பும் குறைந்துபோகும். கரைத்த போத்தலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் சொட்டிப் பார்த்துக் கொடுங்கள். குடித்து மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். குடிக்காமலே இருந்தாலும் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்ததைக் கொடுக்க வேண்டாம்.

24 மணி நேரத்தில் ஆறு நெப்பிக்குக் குறையாமல் நன்றாக நனைய வேண்டும். மூத்திர நாற்றத்தோடு காய்ச்சலும் வந்தால் மூத்திரத் தொற்றுக்குப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் கொடுத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

மழை மாசத்துல குளிப்பாட்டின உடனேயும் வாடை. உடம்புல ஒண்ணும் தெரியல. (நோட்டன்பிரிட்ஜ்)

உடுப்புதான். மழைக்காலத்தில் துணி இரண்டு மூன்று நாள் அரை ஈரமாகக் கிடக்கும், அப்போது பூஞ்சை வாடை பிடிக்கும். அடுப்புக்கு மேலே காய வைத்தால் புகை வாடை சேரும், அது பிள்ளையின் நெஞ்சுக்கும் ஆகாது. பால் கொட்டிய துணியை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். எடுத்த எடுப்பில் சுடுதண்ணி ஊற்றினால் புரதம் நூலில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சவர்க்காரமும் சுடுதண்ணியும். இரண்டு முறை அலசி, கெட்டியாகப் பிழிந்து, கடைசி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் எடுங்கள். காலையில் நெப்பியைத் திறந்ததும் கண் எரிகிற அளவு வாடை வந்தால் அது பழைய மூத்திரத்தில் இருந்து வரும் அமோனியா. இரவில் ஒரு முறை கூட மாற்றினால் போதும்.

எங்க பிள்ளை மேல கித்துள் பாணி மாதிரி வாசம். பாட்டி நல்ல சகுனம்ங்கிறாங்க. (அப்புத்தளை)

பிள்ளை தாய்ப்பாலும் குடிக்கிறதா? நீங்கள் பால் ஊற வெந்தயக் கஞ்சி குடிக்கிறீர்களா? வெந்தயத்தில் உள்ள ஒரு வாசனைப் பொருள் தாயின் வியர்வையிலும் பிள்ளையின் மூத்திரத்திலும் அப்படியே பாணி வாசமாக வரும். வெந்தயத்தை நிறுத்தினால் சில நாளில் போய்விடும்.

வெந்தயம் சாப்பிடாமலே இந்த வாசம் வந்தால் சும்மா விடக்கூடாது. சில அமினோ அமிலங்களை உடம்பு உடைக்க முடியாத ஒரு பிறவி நோயில் இதே வாசம் மூத்திரத்திலும் காதுக் குறும்பியிலும் வரும். பெரும்பாலும் பிறந்த முதல் இரண்டு கிழமைக்குள்ளேயே தெரிந்துவிடும். வேறு சில பிறவிக் குறைகளில் வியர்த்த கால் வாடை, எலி வாடை, அழுகிய மீன் வாடை வரும். எல்லாம் அரிது. மீன் வாடைக்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு. பல பால் மாக்களில் மீன் எண்ணெய் சேர்க்கிறார்கள், திறந்து ஒரு மாதம் தாண்டிய டின்னில் அது காறிப்போகும். முதலில் டின்னை மோந்து பாருங்கள். புது டின் மாற்றியும் மீன் வாடை உடம்பிலேயே நின்றால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

எந்த விசித்திர வாடையோடும் பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, துவண்டோ விறைத்தோ போனாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ 1990-க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். வாடையைப் பற்றியும் டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், எந்தப் பரிசோதனை செய்வது என்று அவர் முடிவெடுக்க உதவும்.

பீய்ச்சி பிரிட்ஜில் வைத்த தாய்ப்பால் சவர்க்காரம் போல மணக்கிறது. கெட்டுவிட்டது என்றுதான் பால் மாவுக்கு மாற்றினேன். சரிதானே? (பண்டாரவளை)

மாற்றியிருக்கத் தேவையில்லை. பாலில் உள்ள லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வரும் வாடை அது, பால் கெடவில்லை. பிள்ளை குடித்தால் தாராளமாகக் கொடுக்கலாம். குடிக்க மறுத்தால், பீய்ச்சிய உடனே பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழ் வரும் வரை சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி பிரிட்ஜில் வையுங்கள். அங்கே நான்கு நாள் இருக்கும். வெளியில் 4 மணி நேரம் வரை வைக்கலாம். புளித்த வாடை வந்தால் மட்டும் ஊற்றிவிடுங்கள்.

வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. வேலையிடத்தில் பிள்ளை மடுவம் இருந்தால் தலா 30 நிமிடம், இல்லாவிட்டால் தலா ஒரு மணி நேரம். தோட்டத்தில் இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. காலையில் பேர் பதியும்போதே நேரத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள்.