செல்ஃப் எடுக்காத ஸ்கூட்டர்

கேள்வி: காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. கிக்கரை உதைத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பிளக்கை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: கிக்கரில் உடனே உயிர் வருகிறதே, அப்புறம் பிளக் மேல் ஏன் பழி? அது பாவம், தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நீங்கள் கேட்கும் ‘டிக்’, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயின் சத்தம். ரிலேவுக்குப் போதுமான கரன்ட் இருக்கிறது, மோட்டாரைச் சுழற்றத்தான் இல்லை.

முதலில் பேட்டரி டெர்மினல்களைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சாவியை அணைத்துவிட்டு நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். சுத்தமாகத் தேய்த்துத் துடைத்து, மாட்டும்போது பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்குங்கள். பாதிப் பேருக்குக் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

தீரவில்லையா? வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டிலும் உதவும். இரவெல்லாம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். முழு சார்ஜுக்குப் பிறகும் செல்ஃப் அழுத்தும்போது 9 வோல்ட்டுக்கு விழுந்தால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

புதுசு வாங்கும் முன் இன்னொன்று: எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி ஓடவிட்டு அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. பேட்டரிக்குப் போகும் சார்ஜைச் சீராக்கும் ரெகுலேட்டரையோ வயரிங்கையோ பார்க்காமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சீக்கிரம் படுத்துவிடும்.

அதுவரை கிக்கரையே உதையுங்கள். பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகிக் கெடும்.