கழுத்தை வெட்டிய வண்டி யாருடையது?

கேள்வி (சுருக்கம்): ஐயா, எனக்கு வயது 29. ஏழு மாதம் முன்பு புரோக்கர் மூலமாக 1,15,000 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் குரூஸர் பைக் வாங்கினேன். சாப்பர் மாதிரி முன்பக்கம் நீட்டிய வண்டி ஓட்ட வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. வாங்கிய மறு வாரமே மாடிஃபிகேஷன் செய்கிற ஒரு பட்டறையில் விட்டேன். ஒரு மாதம் என்றவர் நாலு மாதம் இழுத்தார். 60,000 என்று பேசி 92,000 வாங்கினார். நான் காட்டிய மெரூன் வேறு, அவர் அடித்த மெரூன் வேறு. ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கம்பிகள்) சாய்வாக வருவதற்காக ஹேண்டில் கழுத்தை, அதாவது ஃபிரேமில் ஹேண்டில் திரும்பும் குழாயை வெட்டி, வேறு வண்டியின் கழுத்தை வைத்து வெல்டு செய்திருக்கிறார். 70-ஐத் தாண்டினால் ஹேண்டில் ஆடுகிறது. கேட்டால் மரியாதை இல்லாமல் பேசுகிறார். இதற்கிடையில் சைலன்சர் சத்தத்துக்குப் போட்ட இ-செலான் பழைய ஓனரின் மொபைலுக்குப் போய்விட்டது. ஆர்.சி. இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. பேர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். அவர் தினமும் போன் போட்டு, வண்டியைத் திருப்பிக் கொண்டுவா என்று மிரட்டுகிறார். பட்டறைக்காரர் மேல் நுகர்வோர் வழக்கும், பழைய ஓனர் மேல் போலீஸ் புகாரும் கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதம் நாலு பக்கம். மெரூன் நிறத்துக்கு ஒரு முழுப் பக்கம் போயிருக்கிறது. சட்டத்துக்கு வேண்டியது அதில் அரை வரிதான்: "வேறு வண்டியின் கழுத்து." ஹேண்டில் ஏன் ஆடுகிறது என்று விளக்குவதற்காக அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆட்டத்தைவிட அந்தக் கழுத்துதான் கவலை.

பெரும்பாலான பைக்குகளில் சேசிஸ் நம்பர், அதாவது ஃபிரேமின் அடையாள எண், அடித்திருப்பது அந்தக் கழுத்தில்தான். இன்று சாயங்காலம் ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிவைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் மூடியிருந்தால் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடையுங்கள். சுரண்ட வேண்டாம். அங்கே ஆர்.சி.யில் இல்லாத வேறு நம்பர் இருக்கலாம். அல்லது ராவி எடுத்த வழவழப்பு மட்டும் இருக்கலாம். உங்கள் மாடலில் ஃபிரேமின் வேறு இடத்தில் நம்பர் அடித்து, அது ஆர்.சி.யோடு ஒத்துப்போனால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. நம்பர் ஒத்துப்போகாவிட்டால், ஆர்.சி.யில் எழுதியிருக்கும் வண்டி வேறு, உங்கள் வாசலில் நிற்கும் வண்டி வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: அடித்திருக்கும் இன்ஜின் நம்பரோ சேசிஸ் நம்பரோ ஆர்.சி.யிலிருந்து மாறுபட்டால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்டுவிட்டுப் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சைலன்சர், வெட்டிய மட்கார்டு, உயர்த்திய ஹேண்டில்பார் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. 182-ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தத்துக்கு 190(2)-இன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, கூடவே லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். பழைய சைலன்சரை எடைக்குப் போடாமல் வைத்திருந்தால் இன்றே மாட்டுங்கள். "எல்லாரும்தான் மாற்றுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. நிறத்தை ஆர்.சி.யில் பதிந்துகொள்ளலாம், எந்த மெரூன் என்று ஆர்.டி.ஓ. கேட்கப்போவதில்லை.

இனி, வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் போய் விழுந்த பள்ளங்களுக்கு வருகிறேன்.

முதல் பள்ளம், நம்பர் குத்துவது. பேர் மாற்றத்துக்குப் போகும்போது சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரின்ட் எடுத்து ஒட்டச் சொல்வார்கள். நம்பர் மேல் பென்சிலைத் தேய்த்து, செல்லோ டேப்பை ஒட்டி உரித்து, படிவத்தில் ஒட்டுவது. உங்கள் வண்டியில் டேப்பில் எதுவும் வராது, அல்லது வரக்கூடாத எண் வரும். அந்த நேரத்தில் பக்கத்திலேயே ஒருவர் நிற்பார். "2,000 கொடுங்க சார், ஆர்.சி.ல இருக்கிற நம்பரையே குத்தித் தர்றேன்." உங்கள் புரோக்கரேகூடச் சொல்லலாம். என்னிடம் வந்த ஒரு இளைஞர் இதைச் செய்துவிட்டுத்தான் வந்தார். எழுத்தின் உயரம், இடைவெளி, அச்சின் ஆழம், மூன்றுமே கம்பெனி அச்சோடு ஒத்துப்போகவில்லை. ஆய்வாளர் ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். தடயவியல் ஆய்வகத்தில் அந்த உலோகத்தில் ரசாயனம் தடவினால், ராவி அழித்த பழைய எண்கூடத் தெரிய வாய்ப்பு உண்டு. அதுவரை அவர் சட்டம் தெரியாமல் மாடிஃபிகேஷன் செய்தவர். குத்திய நிமிடத்திலிருந்து நம்பரைத் திருத்தியவர். இரண்டாவது ஆளுக்கு நான் வாதாடுவது ரொம்பக் கஷ்டம்.

இதன் இன்னொரு முகம் அந்த இரவல் கழுத்து. அது எந்த வண்டியிலிருந்து வந்தது? பழைய இரும்புக் கடையிலிருந்து பில்லோடு வந்ததா, ராத்திரியில் எங்கிருந்தோ வந்ததா? அதில் இருக்கும் நம்பர் ஏதாவது ஒரு காவல் நிலையத்தில் திருட்டு எஃப்.ஐ.ஆரில் இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த சட்டம்) 317-வது பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைக் கேட்பார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வைத்திருந்தால் மூன்று வருடம் வரை சிறை. உங்களுக்குத் தெரியாது என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அதை நிரூபிக்க உங்களிடம் என்ன தாள் இருக்கிறது? 92,000 ரூபாயில் ஒரு ரூபாய்க்காவது பில் வாங்கினீர்களா?

இரண்டாவது பள்ளம், விபத்து. ஹேண்டில் ஆடுகிறது என்று நீங்களே எழுதிய பிறகும் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். யார் மேல் தப்பு என்றாலும், விபத்தில் பட்ட வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்ப்பார். "கழுத்தில் வெல்டிங், சேசிஸ் எண் பொருந்தவில்லை" என்று அவர் எழுதும் ஒரு வரி, எதிரில் வந்தவன் தப்பையும் உங்கள் தலையில் கட்டப் போதும். உயிர் போயிருந்தால் அதே சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்து வருடம் வரை.

அப்புறம் இன்சூரன்ஸ். பாலிசி பழைய ஓனர் பேரில் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வண்டி கைமாறினால் தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவின்படி தானாகவே மாறியதாகக் கருதப்படும். வண்டிக்கு ஏற்படும் சொந்தச் சேதத்துக்கு அப்படிக் கிடையாது. உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லியாகிவிட்டது. உங்கள் பேருக்கு எழுதி மாற்றவில்லை, மாடிஃபிகேஷனையும் சொல்லவில்லை என்றால், வண்டி நொறுங்கினால் நொறுங்கியதுதான். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஓனர்-டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பேர் உள்ளவருக்குத்தான். உங்களுக்கு ஏதாவது ஆனால் உங்கள் வீட்டார் அந்தத் தொகையைக் கேட்க முடியாது. ஒரு அம்மா என் அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 30-ஐ என்னிடம் நீட்டினார். தேதிகூட எழுதவில்லை. மகன் இறந்து நாற்பது நாள்.

மூன்றாவது, வண்டியைத் திரும்ப எடுப்பது. போலீஸ் பிடித்த வண்டியை நிலையத்து வளாகத்தில் மழையில் போட்டுவைக்கக் கூடாது என்று 2002-இலேயே தீர்ப்பு இருக்கிறது; மனு போட்டு இடைக்காலமாக எடுக்கலாம். ஆனால் மனு போடுகிறவரிடம் நீதிமன்றம் முதலில் கேட்பது ஆர்.சி.யைத்தான். உங்கள் பேரில் ஆர்.சி. இல்லை. ஆர்.சி.யில் உள்ள நம்பர் வண்டியில் இல்லை. எந்த வண்டியை யாரிடம் ஒப்படைக்க என்று நீதிபதி கேட்டால் நான் எதைக் காட்டுவது?

இப்போது உங்கள் இரண்டு வழக்குகளுக்கு வருவோம்.

பட்டறைக்காரர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடக் கெடுவும் இருக்கிறது. ஆனால் என்ன சாட்சியம் வைப்பீர்கள்? "கழுத்தை நல்லா சாய்ச்சு வைங்க அண்ணா" என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜைத்தானே? அது அவர் குறைபாட்டுக்குச் சாட்சியாகும் முன்பே 182-ஏ(4)-க்கு உங்கள் ஒப்புதலாகிவிடும். சட்டம் தடுத்த வேலைக்குப் பேசிய ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவின்படி செல்லாது. தடுத்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று நஷ்டஈடு கேட்பதை எந்த ஆணையமும் ரசிக்காது.

பழைய ஓனர் மேல் புகாரா? அவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். சட்டப்படி ஓனர் என்றால் ஆர்.சி.யில் பேர் உள்ளவர். 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்த ஒரு வழக்கில், வண்டி பல கை மாறிய பிறகும் பதிவில் பேர் இருந்தவர்தான் நஷ்டஈடு கட்ட வேண்டியிருந்தது. நாளை நீங்கள் யார் மேலாவது இடித்தால் சம்மன் அவர் வீட்டுக்குத்தான் போகும். 14 நாளில் விற்பனையைத் தெரிவிக்காதது அவர் தப்பு, 30 நாளில் பேர் மாற்றாதது உங்கள் தப்பு. அவர் திட்டுகிறார் என்று புகார் கொடுத்தால், என் வண்டியை வாங்கிக்கொண்டு போய் உருமாற்றிவிட்டான் என்று அவர் பதில் புகார் கொடுப்பார். நிலையத்தில் உங்கள் புகாரைவிட அது வேகமாக நகரும், ஏனென்றால் ஆர்.சி. அவர் கையில் வலுவான தாள்.

நீங்கள் கவனிக்காதது இதுதான்: இந்த வண்டியைக் காப்பாற்றித் தரக்கூடியவர்களே அந்த இருவர்தான். ஃபிரேம் மாற்ற ஆர்.டி.ஓ.விடம் முன் அனுமதி கேட்டு எழுத வேண்டியவர் பதிவில் பேர் உள்ள ஓனர். வெட்டிய பழைய கழுத்து இன்னும் பட்டறையில் கிடக்கிறதா என்று தெரிந்தவர் பட்டறைக்காரர். உங்கள் நம்பர் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. என் வண்டி திருட்டு வண்டியல்ல, இதுதான் அதன் அசல் எண் என்று அதிகாரியிடம் காட்ட உங்களிடம் வேறு எதுவும் இல்லை.

ஆகவே சமாதானம். பழைய ஓனரை நேரில் போய்ப் பாருங்கள். செலான் பணத்தை அவர் கேட்கும் முன்பே கட்டுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, அனுமதி மனுவில் அவர் கையெழுத்தைக் கேளுங்கள். வயதானவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாரிசுகள் அத்தனை பேரையும் தேடிப் போக வேண்டியிருக்கும், கையிலிருக்கும் ஃபார்ம் 30 உதவாது. பட்டறையில் மெரூனையும் 32,000 கூடுதலையும் மறந்துவிட்டு இரண்டே விஷயம் கேளுங்கள்: வெட்டிய துண்டு, அந்த இரவல் கழுத்து எங்கே வாங்கியது என்பதற்கான பில். புது ஃபிரேம் விலையில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டால் அங்கேயே கைகுலுக்கிவிட்டு வாருங்கள். பழைய கழுத்தைத் திரும்ப வெல்டு செய்து தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபிரேம் கம்பெனி டீலரிடமிருந்து, உங்கள் ஆர்.சி. எண் குறித்த பில்லோடு வர வேண்டும். எழுத்தில் அனுமதி வந்த பிறகுதான் அதில் நம்பர் ஏறலாம். அதற்குப் பிறகுதான் பேர் மாற்றம், அதன் பிறகு பாலிசி.

இவை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு அந்த வண்டியின் மதிப்பைத் தாண்டினால், பதிவை ஒப்படைத்து ரத்து செய்துவிட்டு, இன்ஜினையும் சக்கரத்தையும் முறையாகக் கழித்துவிடுவதுதான் மலிவு என்று நான் சொல்ல வேண்டிவரும். உங்களுக்கு அது பிடிக்காது, தெரியும்.

துண்டைக் கேட்கப் பட்டறைக்கு நாளைக் காலையிலேயே போங்கள்; இரும்பு வண்டிக்காரர் வாரா வாரம் வருவார். போகும்போது அந்தப் பைக்கில் போகாதீர்கள்.