பேத்தியின் சௌராஷ்டிரம்

கேள்வி: எங்களுடையது தறி போடும் வீடு. வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம் பேசுகிறோம். மகன் குடும்பம் பாளையங்கோட்டையில் இருக்கிறது. ஏழு வயதுப் பேத்தி பாதித் தமிழைக் கலந்துதான் பேசுகிறாள். "பேசினா சுத்தமாப் பேசு, இல்லேன்னா தமிழ்லயே பேசு" என்று என் வீட்டுக்காரர் அதட்டுகிறார். இப்படிக் கலந்து பேசினால் எங்கள் மொழி பிழைக்குமா, இன்னும் சீக்கிரம் அழியுமா? - வாசகி, வீரவநல்லூர்.

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரர் சுத்தம் என்று நினைக்கும் சௌராஷ்டிரமே வந்த வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்ததுதான். குஜராத்திக்கு உறவுக்கார மொழி இது; மராத்தி, தெலுங்கு, கன்னடம், தமிழ் என்று எல்லாவற்றிலிருந்தும் சொல் எடுத்திருக்கிறது. அதனால் ஒன்றும் செத்துவிடவில்லை. 2011 கணக்கெடுப்பில்கூட 2,47,702 பேர் இதைத் தாய்மொழி என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் எல்லாக் கலப்பும் ஒன்றுபோல இருக்காது. பேத்தி பேசும்போது வாக்கியம் எதில் முடிகிறது என்று கவனியுங்கள். "பாட்டி, சார்ஜரை எங்கே வச்சே?" என்று கேட்கிறாள். அதில் சார்ஜர் எந்த ஊர்ச் சொல்லாக இருந்தால் என்ன? 'எங்கே'யும் 'வச்சே'யும் சௌராஷ்டிரத்தில் வந்தால் அவள் பேசுவது சௌராஷ்டிரம். நடுவில், 'வீட்டுல' என்பதில் வருகிற நம்ம தமிழ் 'ல' வந்து ஒட்டினாலும் பரவாயில்லை. வினையெல்லாம் தமிழாகி, சோறு, தண்ணீர் என்று நாலு சொல் மட்டும் மிஞ்சினால்தான் கவலைப்பட வேண்டும். இங்கிலாந்தில் ஜிப்ஸிகள் என்று சொல்லப்படும் ரோமா மக்களின் ரோமானி மொழிக்கு அதுதான் நடந்தது. இலக்கணம் முழுக்க ஆங்கிலமாகிவிட்டது; பழைய சொற்கள் மட்டும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் குரிண்ட்ஜி என்று ஒரு பழங்குடி மொழி. அங்கே இளையவர்கள் பேசுவது கலப்புதான். வினைப்பக்கம் ஆங்கிலத்திலிருந்து பிறந்த கிரியோல் என்ற கலப்பு மொழி. வேற்றுமை உருபுகளும் பல பெயர்ச்சொற்களும் குரிண்ட்ஜி. பழைய மொழியை முழுசாகப் பேசுகிறவர்கள் வயதானவர்களில் கொஞ்சம் பேர்தான். ஆகக் கலப்பு எல்லாவற்றையும் காப்பாற்றித் தராது. இருந்தாலும் அந்தப் பிள்ளைகளின் வாயில் இன்றைக்கும் குரிண்ட்ஜி இருக்கிறதே! சுத்தமாகத்தான் பேச வேண்டும் என்று அதட்டியிருந்தால் அதுவும் இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பிள்ளைகள் அதட்டலுக்குச் சுலபமாக ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். தமிழுக்குத் தாவிவிடுவார்கள். உங்கள் வீட்டுக்காரரே அதற்குக் கதவையும் திறந்து வைக்கிறாரே!

அவரை வாயை மூடச் சொல்ல வேண்டாம், வேலை கொடுங்கள். பேத்தி தப்பாகக் கேட்டால் திருத்தாமல், முழுச் சௌராஷ்டிரத்தில் பதில் சொல்லட்டும். சரியான வடிவம் அந்தப் பதிலிலேயே அவள் காதில் விழுந்துவிடும். அப்புறம், பாவு, ஊடை, நாடா என்று தறியைச் சுற்றியுள்ள ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் புழங்கும் சௌராஷ்டிரச் சொற்கள் பாளையங்கோட்டை ஃபிளாட்டில் தானாக வராது. லீவுக்கு அவள் வரும்போது தாத்தா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டட்டும். அவள் போனிலேயே அதைப் பதிவு செய்யட்டும். நடுவில் அவள் தமிழில் கேள்வி கேட்டால், கேட்டுவிட்டுப் போகட்டும்.