10 டன்னைத் தூக்க ஹைட்ராலிக் சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் வேண்டும்?

சிலிண்டரின் உள்விட்டம் 100 மி.மீ., சுமை 10 டன். விசையைப் பரப்பளவால் வகுத்தால் அழுத்தம் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹைட்ராலிக் பிரஸ், சிலிண்டர் பராமரிப்புதான் என் வேலை. அதை வைத்துச் சொல்கிறேன்: சூத்திரத்தில் யாரும் தவறுவதில்லை; அலகிலும் பரப்பளவிலும்தான் சறுக்குகிறார்கள்.

முதலில் அலகு. விசையை நியூட்டனிலும் பரப்பைச் சதுர மி.மீ.யிலும் வைத்துக்கொள்ளுங்கள். விடை நேராக மெகாபாஸ்கலில் வந்துவிடும். அதைப் பத்தால் பெருக்கினால் ‘பார்’ (bar) அலகில் கிடைக்கும். 10 டன் என்பது 10,000 கிலோ, அதை 9.81ஆல் பெருக்க 98,100 நியூட்டன். பரப்பளவு π/4 × விட்டம் × விட்டம்: 0.7854 × 100 × 100, அதாவது 7,854 ச.மி.மீ. வகுத்தால் சுமார் 12.5 மெகாபாஸ்கல், 125 பார். கேஜில் கி.கி./ச.செ.மீ. என்று இருந்தால் முள் 127 பக்கம் நிற்கும். விட்டத்தை ஆரமாக நினைத்துப் போட்டால் பரப்பு நாலு மடங்காகி 31 பார் என்று வரும். அந்த அழுத்தத்துக்குச் சுமை அசையவே அசையாது.

இது பிஸ்டன் தள்ளும்போது உள்ள கணக்கு. இழுக்கும்போது ராடு (பிஸ்டனோடு சேர்ந்த தண்டு) இருக்கும் பக்கத்தில்தான் எண்ணெய் போகும். 56 மி.மீ. ராடு என்றால் அதன் பரப்பு 2,463 ச.மி.மீ.; கழித்தால் மிச்சம் 5,391. அதே 10 டன்னை இழுக்க 182 பார் வேண்டும்! இதைக் கவனிக்காமல் பம்ப்பையும் ஹோஸையும் வாங்கிவிட்டால் பணம் வீண்.

இன்னொன்று. பம்ப் அழுத்தத்தைத் தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பிரஸ்ஸில் பேரிங் ஏற்றும்போது பாருங்கள்: ராம் (அழுத்தும் தண்டு) சும்மா இறங்கும் வரை கேஜ் முள் பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கும். பேரிங்கைத் தொட்டதும் விறுவிறுவென்று ஏறும். தடுக்கும் விசை எவ்வளவோ, அவ்வளவு அழுத்தம்.

சீல் உராய்வு, பைப்பில் போகும் இழப்பு எல்லாம் சேர்த்து 125க்கு மேல் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும். தள்ளும் வேலைக்கு நான் என்றால் ரிலீஃப் வால்வை (அழுத்தம் எல்லை தாண்டினால் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு) 140 பாரில் வைப்பேன். ஆனால் சிலிண்டரும் ஹோஸும் அதைத் தாங்குமா என்று அவற்றின் மேல் குறித்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான்.

உங்கள் சிலிண்டர் தள்ளுகிறதா, இழுக்கிறதா என்று கேள்வியில் இல்லை. இழுப்பதென்றால் ராடு விட்டத்தை எழுதுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன்.