பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, எங்கள் வீட்டுடையதை மட்டும் காணோம்!

கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. பேரன் படிப்புக்காக 2015-ல் வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. வரவு செலவு எழுதுவது, வெளிநாட்டில் இருக்கும் மகளோடு பேசுவது எல்லாம் அதில்தான். மூன்று வாரத்துக்கு முன் புதிதாக ஃபைபர் இணைப்பு வாங்கினோம். பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை முகப்பில் மாட்டினார்கள். வந்த தம்பி, "உங்களுக்கு 5ஜியே போட்டுவிட்டேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். செல்போன்களில் நெட் பறக்கிறது. இரண்டாம் கட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் அன்றிலிருந்து எதுவும் இல்லை. வைஃபை பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்கள் நான்கு வருகின்றன, எங்கள் பெயரைக் காணோம். அந்தத் தம்பியிடம் கேட்டால், "கம்ப்யூட்டர் பழசு ஆச்சி, மாத்திடுங்க" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கான சாட்சியை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

எனக்கு வரும் கடிதங்களில் பாதி "நெட் வரவில்லை, என்ன செய்வது?" என்பதோடு முடிந்துவிடும். "உடம்பு சரியில்லை, மாத்திரை சொல்லுங்கள்" என்பது மாதிரி. எங்கே வலிக்கிறது என்று சொன்னால்தானே? வைஃபை வலியில் மூன்று ரகம் உண்டு. பட்டியலில் பெயரே வராதது ஒன்று. பெயர் வந்தும் இணைய மறுப்பது இன்னொன்று. இணைந்த பிறகும் ஒரு பக்கம்கூடத் திறக்காதது மூன்றாவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. நீங்கள் தமிழ் வாத்தியார் என்பதால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவிட்டீர்கள். என் வேலை பாதி முடிந்தது.

அக்கம்பக்கத்துப் பெயர்கள் நான்கு தெரிகின்றன என்றால் கம்ப்யூட்டரின் வைஃபை கருவிக்குக் காது கேட்கிறது என்று அர்த்தம். செல்போன்களில் நெட் வருகிறது என்றால் ரவுட்டரும் பேசுகிறது. அப்புறம் ஏன் உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் கேட்கவில்லை? அந்தத் தம்பி போட்டுக் கொடுத்த "5ஜி"தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அது செல்போன் விளம்பரங்களில் வரும் 5ஜி இல்லை. அங்கே ஐந்து என்றால் ஐந்தாம் தலைமுறை. இங்கே ஐந்து என்பது 5 கிகாஹெர்ட்ஸ் என்கிற அலைவரிசை. வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 பழையது, நிதானமானது, சுவரைத் தாண்டிப் போகும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். புது ரவுட்டர்களில் இரண்டும் இருக்கும். உங்கள் வீட்டில் அந்தத் தம்பி 2.4-ஐ அணைத்துவிட்டு 5-ஐ மட்டும் விட்டிருப்பார். செல்போன்களுக்கு இரண்டும் கேட்கும். உங்கள் கம்ப்யூட்டருக்கு 2.4 மட்டும்தான் கேட்கும் போலிருக்கிறது.

ஊகத்தை உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. திரையின் கீழே இருக்கும் ஸ்டார்ட் பொத்தானில் மவுஸின் வலது பக்கத்தை அழுத்துங்கள். வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர், அதற்குள் நெட்வொர்க் அடாப்டர்ஸ். அங்கே வயர்லெஸ் என்றோ 802.11 என்றோ வரும் வரியைப் படியுங்கள். "802.11என்" என்றோ "150 எம்பிபிஎஸ்" என்றோ மட்டும் இருந்தால் அநேகமாக அது 2.4 மட்டும் கேட்கும் ரகம். "ஏசி" என்றோ "டூயல் பேண்ட்" என்றோ இருந்தால் என் ஊகம் தப்பு. அப்போது மறுபடி எழுதுங்கள்.

சரி, ஊகம் சரிதான் என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டரைத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168 என்று தொடங்கும் ஓர் எண், ஒரு பயனர் பெயர், ஒரு பாஸ்வேர்ட். வைஃபையில் இணைந்திருக்கும் செல்போனில் பிரவுசரைத் திறந்து அந்த எண்ணை அடித்தால் ரவுட்டரின் உள்ளறை திறக்கும். வயர்லெஸ் என்ற பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அணைந்திருக்கும், அதை எனேபிள் செய்யுங்கள். பெயரை 5-க்கு வைத்த மாதிரியே வைக்காமல் தனியாக வையுங்கள், எது எது என்று உங்களுக்கே தெரியும். செக்யூரிட்டி என்ற இடத்தில், வைஃபைக்குப் பூட்டுப் போடும் முறையாக டபிள்யூபிஏ2 இருக்கட்டும். டபிள்யூபிஏ3 வந்ததே 2018-ல்தான். அதை மட்டும் போட்டுவிட்டால் பட்டியலில் பெயர் வந்தாலும் உங்கள் பழைய கருவியால் இணைய முடியாமல் போகலாம். சேனல் என்று கேட்டால் 1, 6, 11 இவற்றில் ஒன்றைக் கொடுங்கள். ஆட்டோ என்று விட்டால் சில ரவுட்டர்கள் 12, 13 பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் நாட்டில் அதற்குத் தடை இல்லை, ஆனால் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த சில கருவிகளுக்கு அந்த இரண்டும் கண்ணில் படாது. 'சேவ்' கொடுத்ததும் செல்போன்களில் ஒரு நிமிடம் நெட் போய்த் திரும்பும். பதற வேண்டாம்.

இதற்கெல்லாம் கை நடுங்கினால் அந்தத் தம்பியையே கூப்பிட்டு "2.4-ஐ ஆன் பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

புது டாங்கிள், அதாவது யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன வைஃபை கருவி, வாங்கினால் என்ன என்று மகள் கேட்கலாம். இரண்டு அலைவரிசையும் கேட்கும் டூயல் பேண்ட் டாங்கிள் ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்கு அதனால் பெரிய பலன் இருக்காது. அந்தக் காலத்து நகரத்தார் வீட்டுச் சுவர்களை நான் பார்த்திருக்கிறேன், சில இடங்களில் ஜன்னல் விளிம்பில் ஆள் படுத்துக்கொள்ளலாம். முகப்பில் கிளம்பும் 5 கிகாஹெர்ட்ஸ், முற்றமுள்ள வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். உங்களுக்கு 2.4-தான் தோது.

இன்னொன்று, இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதும் டாங்கிள்தான் என்றால், அதை சிபியு பெட்டியின் பின்னால், சுவரைப் பார்த்து, ஹார்ட் டிஸ்க் மாதிரி ஏதாவது ஒன்றுக்குப் பக்கத்திலேயே செருகியிருப்பீர்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். தகரப் பெட்டி அலையை மறைக்கும். உள்ளே நீல நாக்கு தெரியும் யூஎஸ்பி 3 துளையில் ஏதாவது வேலை நடந்தால் அதன் இரைச்சல் சரியாக 2.4 பக்கம்தான் போய் விழும். ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டாங்கிளை மேஜை மேல் வையுங்கள். வித்தியாசம் தெரியும்.

"பழசு, மாத்திடுங்க" என்று சொன்ன தம்பியைத் திட்டாதீர்கள். நானும் அந்த ஜாதிதான். கடை தொடங்கிய புதிதில் ஒரு வக்கீல் வீட்டு லேப்டாப்பில் வைஃபை வரவில்லை என்று கூப்பிட்டார்கள். வைஃபை கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், வரவில்லை. விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், வரவில்லை. சாயங்காலம் காபி கொண்டுவந்த வக்கீலின் அம்மா, "இந்தப் பக்கம் ஒரு சின்ன பட்டன் இருக்கே தம்பி, இது எதுக்கு?" என்று லேப்டாப்பின் விளிம்பைக் காட்டினார்கள். வைஃபையை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்! பை உரசி நகர்ந்திருக்கிறது. கூலி வாங்காமல் எழுந்து வந்தேன். இப்போது எந்த லேப்டாப் வந்தாலும் முதலில் நான்கு ஓரத்தையும் தடவிப் பார்த்துவிடுவேன். புது மாடல்களில் அந்த சுவிட்ச் இல்லை. அதற்குப் பதில் கீபோர்டின் மேல் வரிசையில் விமானப் படம் போட்ட ஒரு கீ இருக்கும். குழந்தைகள் தட்டிவிட்டால் அதே கதைதான்.

கேள்வி: லேப்டாப் வைஃபையில் இணைந்துவிட்டது, ஆனால் "நோ இன்டர்நெட்" என்கிறது. மற்ற எல்லாவற்றிலும் வருகிறது. ஐபி எண்ணைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். 169.254 என்று தொடங்குகிறது. அது என்ன கணக்கு?
- கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: அது அநாதை எண், தம்பி. இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர்தான் கதவிலக்கம் மாதிரி ஓர் எண் கொடுக்கும். அநேகமாக 192.168 என்று தொடங்கும். கேட்டுப் பார்த்தும் பதில் வரவில்லை என்றால் விண்டோஸ் தனக்குத்தானே 169.254-ல் ஒன்றை எழுதி ஒட்டிக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள், முக்கால்வாசிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் ஏதாவது இருந்தால் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். கடைசியாக, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் 'நெட்வொர்க் ரீசெட்'. ஆனால் இதைச் செய்தால் சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும். ஹாஸ்டல் பாஸ்வேர்ட் தெரியுமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். டிவியும் செல்போனும் புதியதைக் கேட்டு வாங்கிக்கொண்டன. கம்ப்யூட்டர் கேட்கவே மாட்டேன் என்கிறது. இணைய முடியவில்லை என்று மட்டும் சொல்கிறது.
- வாசகர், கரூர்

பதில்: பழைய பாஸ்வேர்டையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. வைஃபை பட்டியலில் உங்கள் பெயர் மேல் வலது கிளிக் செய்து 'ஃபர்கெட்' கொடுங்கள். அப்புறம் புதிதாகச் சேருவது போலச் சேருங்கள், கேட்கும்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் எங்கள் கம்ப்யூட்டரில் வைஃபை கெட்டுவிடுகிறது. இணைந்திருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் வங்கித் தளத்தைத் திறந்தால் உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று சிவப்பில் மிரட்டுகிறது. இரண்டு ரவுட்டர் மாற்றிவிட்டேன். யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?
- அச்சகம் நடத்துபவர், ராஜபாளையம்

பதில்: இரண்டு ரவுட்டரா! அண்ணாச்சி, அடுத்த முறை கரண்ட் வந்ததும் திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஒவ்வொரு வங்கித் தளமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பழைய ஜனவரி 1-ல் நின்றுகொண்டு, "இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே" என்று சந்தேகப்படுகிறது. வைஃபை மேல் எந்தத் தப்பும் இல்லை. கரண்ட் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரி. சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது செத்துவிட்டது. பவர் வயரைப் பிடுங்கிவிட்டு பெட்டியைத் திறந்து, ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினால் எழும்பி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்துங்கள். பிறகு தேதியைத் திருத்துங்கள். ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற சமாசாரம். இரண்டு ரவுட்டரில் ஒன்றைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ரவுட்டரை மீன் தொட்டிக்குப் பின்னால் வைத்தால் அழகாக மறைகிறது. வைக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். தண்ணீர் 2.4-ஐ நன்றாகக் குடிக்கும். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் வேண்டாம்.

கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒருவர், "உங்களுக்கு உதவியாக இருக்கும்" என்று ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். வைஃபை பெயர், பாஸ்வேர்ட், உள்ளறைச் சாவி எல்லாம் அதில் பளிச்சென்று தெரிகின்றன. நான் அழித்துவிட்டேன் ஐயா. நீங்கள் இன்றைக்கே இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், மாற்றியதை எனக்கு எழுத வேண்டாம்.