கொட்டாவி வந்தது உங்கள் தப்பில்லை

'ஒன்லி காட் ஃபர்கிவ்ஸ்' (2013) படம் பார்த்து அரை மணியில் கொட்டாவி வந்தது, என் ரசனைதான் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. பாங்காக்கின் அந்தச் சிவப்பு வெளிச்ச நடைவழிகளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் நாயகன் ரயன் காஸ்லிங் எதற்கும் பதறுவதாகவே தெரியவில்லை, அப்புறம் நமக்கு எங்கிருந்து பதற்றம் வரும்? வாளோடு வரும் போலீஸ்காரர் தோற்கமாட்டார் என்பதும் சீக்கிரமே புரிந்துவிடுகிறது. (அவர் கரோக்கி பாடுவது மட்டும் எனக்குப் பிடிக்கும்.)

அதே இயக்குநர் ரெஃப்ன், அதே நடிகரை வைத்து எடுத்த 'டிரைவ்' (2011) படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். திருடர்களைத் தப்பவைக்கும் கார் ஓட்டுநராக காஸ்லிங்; திருடர்களுக்கு அவர் தருவது ஐந்தே நிமிடம் கெடு. ஸ்டீயரிங்கில் கட்டிய கைக்கடிகாரம், போலீஸ் ரேடியோவின் கரகரப்பு, இரண்டாவது ஆள் இன்னும் வெளியே வரவில்லை. கார் நகரவே இல்லை, நாம் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்போம்.